நீண்ட விமானப் பயணம் முடிந்து சேலத்தில் இறங்கிய ராத்திரி எங்கே, என்ன சாப்பிடுவது

டொரண்டோவில் ஏறி, நடுவில் ஒரு விமானம் மாறி, பெங்களூரில் இறங்கி, அங்கிருந்து கார் பிடித்து சேலம் வந்து சேரும்போது, வீட்டைப் பூட்டிக் கிளம்பி முப்பது மணி நேரம் ஓடியிருக்கும். கால் வீங்கியிருக்கும், வயிறு உப்பிக்கொண்டிருக்கும், பசிக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஆனாலும் ஏதாவது சாப்பிட்டுத்தான் படுக்க வேண்டும். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அம்மா இருந்தவரை எனக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. அம்மாபேட்டை வீட்டில் எத்தனை மணிக்குப் போய் நின்றாலும் மிளகு ரசம் கொதித்துக்கொண்டிருக்கும், குழைய வடித்த சோறு இருக்கும், தணலில் சுட்ட அப்பளம் இருக்கும். அதற்கு மேல் அன்றைக்கு எதுவும் கிடைக்காது. "கறி எல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம், இப்பச் சாப்டுட்டுப் படு" என்று சொல்லிவிடுவார். இப்போது அந்த வீடு கைமாறிவிட்டது. வருடத்துக்கு ஒரு முறை வரும்போது சொந்த ஊரிலேயே ரூம் எடுத்துத்தான் தங்குகிறோம். அம்மா கொடுத்த அந்த முதல் ராத்திரிச் சாப்பாட்டை வெளியே எப்படித் தேடிப் பிடிப்பது என்று கற்றுக்கொள்ள எனக்கு நாலைந்து பயணங்கள் ஆயின. நீங்கள் அவ்வளவு கஷ்டப்பட வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது: முதல் ராத்திரி நல்ல சாப்பாடு தேடாதீர்கள், கிட்டத்தில் கிடைக்கிற சூடான சாப்பாட்டைத் தேடுங்கள். சேலத்தின் பேர்போன சாப்பாடெல்லாம் மறுநாளும் அங்கேயேதான் இருக்கும்.

வயிறு ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தால் இது இன்னும் எளிதாகப் புரியும். சேலத்துக்குப் பக்கத்து மலை ஊரான ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். விமானத்துக்குள் காற்றழுத்தத்தை 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பது போலத்தான் வைத்திருப்பார்கள். அதாவது ஏற்காட்டை விட உயரமான ஒரு மலையில் பதினாலு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறீர்கள். அழுத்தம் குறைந்தால் குடலில் உள்ள வாயு விரியும், கால் பங்கு வரைக்கும்கூட. அதனால்தான் அந்த உப்புசம். உள்ளே காற்றின் ஈரப்பதமும் இருபது சதவீதத்துக்குக் கீழே இருக்கும், நாக்கும் தொண்டையும் காய்ந்துபோகும். அப்புறம் நேரக் கணக்கு. சேலத்தில் ராத்திரி எட்டரை என்றால் கோடைக்காலத்தில் டொரண்டோவில் காலை பதினொன்று, லண்டனில் மாலை நான்கு, துபாயில் ஏழு, சிங்கப்பூரில் பதினொன்று. மேற்கே இருந்து வருகிறவருக்கு உடம்பு இன்னும் பகலில் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வருகிறவருக்கு அது ஏற்கனவே படுக்கைக்குப் போய்விட்டது. இரண்டு பேருக்குமே பரோட்டாவும் சால்னாவும் அன்றைக்கு ஒத்துவராது.

முதல் தடவை நான் செய்த தப்பு, தங்கிய இடத்திலேயே கீழே உணவகம் இருக்கிறதே என்று நம்பி வந்தது. பெயர் வேண்டாம். பத்து மணி பத்து நிமிஷத்துக்கு உட்கார்ந்தோம். தடிமனான மெனு புத்தகம் கொடுத்தார்கள், அதில் பாதி இல்லை என்றார்கள், இட்லி மாவு தீர்ந்துவிட்டது என்றார்கள், கடைசியில் சிக்கன் ஃப்ரைடு ரைஸ் மட்டும் இருக்கிறது என்றார்கள். அது வர ஐம்பது நிமிஷம். அதற்குள் மகள் மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். வந்ததோ எண்ணெய் மினுங்கிக்கொண்டு வந்தது. பசியில் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, விடிய விடிய நெஞ்செரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து எந்த இடத்தில் ரூம் போட்டாலும் இரண்டு நாள் முன்னாலேயே போன் செய்து, "ராத்திரி கிச்சன் எத்தனை மணி வரைக்கும்ங்க? இட்லி, தோசை இருக்குங்களா?" என்று இரண்டு கேள்வி கேட்டுவிடுகிறேன். பதில் இழுத்தால், வெளியே சாப்பிடத் திட்டம் போட்டுவிடுவேன்.

தெருவில் என்ன இருக்கிறது என்று பார்த்து ரூம் போடுங்கள்

சேலத்தில் "ஹோட்டல்" என்று யாரைக் கேட்டாலும் சாப்பாட்டுக் கடையைத்தான் காட்டுவார்கள், தங்குகிற இடத்துக்கு லாட்ஜ் என்று கேட்க வேண்டும், ஆட்டோக்காரரிடம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள். ரூம் போடும்போது எல்லோரும் கட்டிலையும் குளியலறையையும் படத்தில் பார்க்கிறார்கள். நான் வரைபடத்தில் அந்த லாட்ஜ் வாசலிலிருந்து இருநூறு முந்நூறு அடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். ரோட்டைக் கடக்காமல் நடந்துபோகிற தூரத்தில் ஒரு சைவ டிபன் ஹோட்டல், ஒரு மருந்துக்கடை, வாழைப்பழம் தொங்குகிற ஒரு பெட்டிக்கடை, இந்த மூன்றும் இருந்தால் போதும், ரூம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. ரோட்டைக் கடக்காமல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: வலது பக்கம் வண்டி ஓட்டுகிற நாட்டிலிருந்து வந்து, தூக்கக் கலக்கத்தில் ஓமலூர் மெயின் ரோட்டைக் கடப்பது உயிரோடு விளையாடுகிற வேலை. பஸ் வருகிற பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு கால் வைத்துவிடுவோம்.

ராத்திரி லேட்டாக வருகிறவர்களுக்குப் புது பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் வசதி. பெங்களூர், கோயம்புத்தூர், மதுரை, சென்னை என்று ராத்திரி முழுக்க பஸ் வந்து போகிற இடம் அது, அதனால் அடுப்பு அணையாத கடை ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். சத்தம் இருக்கும்தான், உள்பக்க ரூம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஐந்து ரோடு, ஸ்வர்ணபுரி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் தங்கினால் சுத்தமான டிபன் ஹோட்டல்களும் பேக்கரிகளும் நிறைய, ஆனால் பத்தரைக்கெல்லாம் நாற்காலியை மேசை மேல் ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு சூரமங்கலம், அதாவது ஜங்ஷன் பக்கம். சென்னையில் இறங்கி சென்ட்ரலில் ஏறுகிறவர்கள் அங்கேதான் வந்து சேர்வார்கள், டவுன் ஸ்டேஷன் வேறு, டிக்கெட் எடுக்கும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம். பழைய பஸ் ஸ்டாண்டு, செவ்வாய்ப்பேட்டை, குகை எல்லாம் எனக்கு உயிரான இடங்கள். ஆனால் முதல் ராத்திரிக்கு இல்லை, கடைவீதி சீக்கிரம் அடங்கிவிடும், பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிற தெருவும் இல்லை. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா நடக்கிற நாள்களில் டவுன் பக்கம் தலைவைக்காதீர்கள், கூட்டத்தில் கார் நகராது. அதே மாதிரி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வேலையாட்கள் ஊருக்குப் போய்விடுவதால் பாதிக் கடை பூட்டியிருக்கும். அந்த நாள்களில் வருவதாக இருந்தால் சாப்பாட்டை முன்கூட்டியே யாரிடமாவது சொல்லி வைத்துவிட வேண்டும்.

வழியில்

பெங்களூர் விமான நிலையத்திலிருந்து சேலத்துக்கு ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குள்ளும் ஓசூர் ரோட்டிலும் எவ்வளவு நேரம் மாட்டுவீர்கள் என்பதைப் பொறுத்து அது கூடும். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் நெடுஞ்சாலையில் பெரிய பெரிய உணவகங்கள் விளக்குப் போட்டுக்கொண்டு கூப்பிடும், ஓட்டுநரும் சாப்பிட நிறுத்துவார். அவர் கட்டாயம் சாப்பிடட்டும், அவர் முழித்திருக்க வேண்டும், அதுவும் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே. நீங்கள் அங்கே ஒரு இஞ்சி டீயோடும் இரண்டு பிஸ்கெட்டோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மறுபடி காரில் இரண்டு மணி நேரம் மடங்கி உட்கார்ந்தால் உப்புசம் இரண்டு மடங்காகும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிற பெரியவர்கள் கூட இருந்தால் அவர்கள் கணக்கு வேறு. அவர்களுக்கு மருத்துவர் சொன்ன நேரத்துக்கு வழியிலேயே இட்லி கொடுத்துவிடுங்கள், லாட்ஜ் வரைக்கும் காக்க வைக்காதீர்கள்.

சேலத்துக்கே விமானமும் இருக்கிறது, ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில். 2023 அக்டோபரில் மறுபடி சேவை தொடங்கியபோது பெங்களூர், ஐதராபாத், சென்னை, கொச்சி என்று போய்வந்தார்கள். உங்கள் இணைப்பு விமானத்தோடு நேரம் ஒத்துவந்தால் அதுதான் சொர்க்கம், அரை மணி நேரத்தில் ஊருக்குள் வந்துவிடலாம்.

கார் ஓமலூர் வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். லாட்ஜுக்குப் போன் போட்டு, "இன்னும் அரை மணி நேரத்துல வந்துருவோம்ங்க, பக்கத்துல இட்லி சூடா எங்க கிடைக்கும்?" என்று கேளுங்கள். பேசுகிற பையன் ஒரு கடையின் பெயர் சொல்வான். இன்னொன்று: ஐந்து ரோடு பக்கம் ஈரடுக்கு மேம்பாலம் 2020இல் திறந்தார்கள், நம் ஊர்ப் போக்குவரத்துக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் வெளியூர் ஓட்டுநர் மேப்பைப் பார்த்து மேலே ஏறிவிட்டால் கீழே இருக்கிற கடையெல்லாம் கடந்துபோய் எங்கேயோ போய் இறங்குவீர்கள். கீழ் ரோட்டிலேயே போகச் சொல்லுங்கள். போகிற போக்கில் எந்தக் கடையில் ஆவி பறக்கிறது, எதில் ஷட்டரை இறக்குகிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

ரூமுக்குள் போகும் முன்

இதுதான் எனக்கு ரொம்ப உதவிய யோசனை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வந்தால் லாட்ஜில் அவர் விவரத்தை ஒரு படிவத்தில் பூர்த்தி செய்து அரசுக்கு அனுப்ப வேண்டும், அதற்கு பாஸ்போர்ட், விசா எல்லாம் நகல் எடுப்பார்கள், கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால் இருபது நிமிஷம் போய்விடும். அந்த இருபது நிமிஷத்தில் ஒருவர் கவுன்ட்டரில் நிற்கட்டும், இன்னொருவர் சாப்பாடு வாங்கப் போகட்டும். எல்லோரும் ரூமுக்குள் போய் செருப்பைக் கழற்றிவிட்டால் அப்புறம் யாரும் வெளியே வரமாட்டார்கள். கட்டிலைப் பார்த்ததும் "ஒண்ணும் வேண்டாம், தூங்கிடலாம்" என்று தோன்றும், ராத்திரி ஒன்றரைக்குப் பசியில் எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

தனியாக வந்திருந்தால் ரூம் பையனிடம் சொல்லி வாங்கிவரச் செய்யலாம். என்ன வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொடுங்கள், பணத்தோடு அவருக்கும் ஏதாவது கொடுங்கள், வேலை நேரம் முடிகிற சமயத்தில் நமக்காக ஓடுகிறார்.

கடையை யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். கவுன்ட்டரில் இருப்பவர் பெரும்பாலும் அவர்கள் உணவகத்தையோ, விருந்தாளிக்கு ஏற்றது என்று அவர் நினைக்கிற ஏசி உணவகத்தையோதான் சொல்வார். வாசலில் இருக்கிற வாட்ச்மேனிடம் போய், "அண்ணே, ராத்திரியில நீங்க எங்க சாப்டுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் காட்டுகிற கடை தினமும் சாப்பிட்டு வயிறு கெடாத கடை. இதுவரை ஒரு தடவைகூட எனக்கு இது தப்பவில்லை. போன வருடம் ஒரு பெரியவர் காட்டிய சந்துக்குள் கணவனும் மனைவியும் நடத்துகிற கடை, நாலே மேசை. அந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கடைக்குப் போனதும் உட்காரும் முன் அடுப்பைப் பாருங்கள். நம் ஊரில் தோசைக்கல்லும் இட்லிப் பானையும் முன்னாலேயே இருக்கும், அது பெரிய வசதி. இட்லித் துணியை உரித்து எடுக்கிறார்களா, இல்லை ஹாட்பாக்ஸிலிருந்து எடுத்து வைக்கிறார்களா என்று தெரிந்துவிடும். பார்சலுக்கு ஆட்கள் நின்றுகொண்டிருந்தால் மாவு ஓடுகிறது, இட்லி புதிதாக வெந்துகொண்டே இருக்கும். கைகழுவுகிற இடத்தில் தண்ணீர் வருகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். இவ்வளவு போதும், நட்சத்திரக் கணக்கும் மதிப்புரையும் அந்த நேரத்தில் படித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

என்ன கேட்டு வாங்குவது

இட்லி. வேறு எதுவும் யோசிக்க முடியாவிட்டால் இட்லி. ஆளுக்கு மூன்று. ஆவியில் வெந்தது, எண்ணெய் கிடையாது, மூன்று நிமிஷத்தில் இலைக்கு வந்துவிடும். கூடவே ஒரு தோசை வேண்டுமென்றால், "எண்ணெய் கம்மியா, நல்லா வேக விட்டுக் கொடுங்கண்ணா" என்று சொன்னால் அப்படியே செய்து தருவார்கள். சாயங்காலத்துக்கு மேல் சில கடைகளில் இடியாப்பமும், அதே மாதிரி பிழிகிற சந்தகையும் கிடைக்கும், தேங்காய்ப் பாலோடு சாப்பிட்டால் குழந்தைகளுக்கும் இறங்கும். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு சாம்பாரின் காரம்கூட முதல் நாள் உறைக்கலாம், இட்லிக்குச் சர்க்கரை கேளுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

சட்னி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். தேங்காய்ச் சட்னி சாயங்காலம் அரைத்தது, பத்து மணிக்கு வாளியின் அடியில் இருப்பது லேசாகப் புளித்திருக்கும், ஊர்க்காரர்களுக்கு அது ஒன்றும் செய்யாது, வருடக்கணக்கில் வேறு தண்ணீர் குடித்துப் பழகிய வயிறு தாங்காது. கொதிக்கிற சாம்பார் வாங்குங்கள், இல்லையென்றால் இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் கேளுங்கள். அதுவே தனி ருசி. பச்சை வெங்காயம், வெட்டி வைத்த பழம், ஐஸ் போட்ட ஜூஸ் மூன்றும் அன்றைக்கு வேண்டாம். தண்ணீர் மூடி உடைக்காத பாட்டில், அல்லது கண்ணெதிரே கொதிக்க வைத்த வெந்நீர்.

ரசம் சாதம்தான் வேண்டும் என்று மனது கேட்கும். எனக்கும் கேட்கும். சிக்கல் என்னவென்றால் ராத்திரியில் டிபன் ஹோட்டல்களில் சாப்பாடு போடமாட்டார்கள், அது மத்தியானத்தோடு சரி. ஆனால் கொஞ்சம் பெரிய கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், வேலையாட்கள் சாப்பிட சோறு வடித்திருப்பார்கள். "அக்கா, ரொம்ப தூரத்துல இருந்து வர்றேன், கொஞ்சம் வெறும் சோறும் ரசமும் கிடைக்குமாங்க?" என்று மெதுவாகக் கேட்டால் பல நேரம் கிடைத்திருக்கிறது, இரண்டு இடத்தில் காசே வாங்கவில்லை. நம் ஊர் மனிதர்களின் குணம் அது. தயிர் சாதமும் நல்லதுதான், ஆனால் காலையில் கலந்து வைத்ததாக இருந்தால் விட்டுவிடுங்கள். வெறும் சோறு வாங்கி ஆவின் தயிர் பாக்கெட் ஒன்றைப் பிரித்து நீங்களே பிசைந்துகொள்வது பாதுகாப்பு. அசைவம் இல்லாமல் முடியாது என்பவர்கள் ஒரு முட்டை தோசையோடு நிறுத்திக்கொள்ளட்டும். தள்ளுவண்டியில் ஆட்டுக்கால் சூப் கொதித்துக்கொண்டிருந்தால் மிளகு போட்டு ஒரு கப் குடிக்கலாம், அலுப்புக்கு இதம். பள்ளிபாளையம் சிக்கனும் செல்வி மெஸ் மாதிரி பேர்போன அசைவச் சாப்பாடும் மறுநாள் மத்தியானத்துக்கு இருக்கட்டும், அதைத் தூக்கக் கலக்கத்தில் சாப்பிடுவது அந்தச் சமையலுக்குச் செய்கிற மரியாதை இல்லை.

பார்சல் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லாட்ஜ் ரூமில் தட்டோ கிண்ணமோ இருக்காது. சாம்பாரை உறையில் ஊற்றி நூலால் சுற்றிக் கொடுப்பார்கள், அந்த நூலைப் பிரிக்கக் கண்ணும் கையும் ஒத்துழைக்காது, கட்டில் விரிப்பில் கொட்டும். நான் எப்போதும் கைப்பையில் இரண்டு சிறிய சம்படம், ஒரு கரண்டி வைத்திருக்கிறேன். சம்படத்தை நீட்டி "இதுல ஊத்திக் கொடுங்க" என்றால் கடைக்காரருக்கும் சந்தோஷம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக்குக்குத் தடை இருந்தும் சூடான குழம்பைக் கவரில் ஊற்றுவது இன்னும் ஓயவில்லை, அதைச் சாப்பிடவும் மனது வரவில்லை. சாம்பார் ஊற்றிய இட்லியை மட்டும் உடனே சாப்பிட்டுவிட வேண்டும், மிச்சம் வைத்து நடு ராத்திரியில் சாப்பிடாதீர்கள்.

போனும் பணமும்

ஸ்விக்கியும் சொமேட்டோவும் சேலத்தில் இருக்கின்றன, ஆனால் முதல் ராத்திரிக்கு அதை நம்பி இருக்காதீர்கள். போனுக்கு ஓடிபி வர வேண்டும், கொண்டுவருகிறவர் வாசலில் நின்று போன் பண்ணினால் எடுக்க வேண்டும், வெளிநாட்டு சிம்மில் இரண்டுமே சிக்கல். வெளிநாட்டு அட்டையும் பல நேரம் ஏறாது. உறவினர் யாராவது ஊரில் இருந்தால் அவர்கள் போனிலிருந்து போடச் சொல்லலாம், அது சுலபம். வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஈ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், அமீரகம் போன்ற சில நாடுகளின் எண்ணிலேயே யுபிஐ வசதி உண்டு, கிளம்பும் முன் வீட்டிலேயே செயல்படுத்திப் பார்த்துவிடுங்கள். எது எப்படியானாலும் நூறும் ஐம்பதுமாக ஓர் ஐந்நூறு ரூபாய் சட்டைப் பையில் இருக்கட்டும். ஒரு ஆள் டிபன் சாப்பிட இருநூறு ரூபாய் தாராளம். போன தடவை மிச்சம் வைத்த இரண்டாயிரம் ரூபாய் நோட்டை நீட்டாதீர்கள், 2023இல் ரிசர்வ் வங்கி அதைத் திரும்பப் பெற அறிவித்த பிறகு கடைகளில் யாரும் வாங்குவதில்லை.

ஏற்காட்டில் ரூம் போட்டிருந்தால்

முடிந்தால் முதல் ராத்திரி கீழே சேலத்திலேயே தங்கிவிட்டு காலையில் ஏறுங்கள் என்பதுதான் என் கருத்து. சேலம் பக்கமிருந்து போனால் இருபது கொண்டை ஊசி வளைவு. விமானத்தில் ஏற்கனவே தலை சுற்றியிருக்கும், இருட்டில் அந்த வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறினால் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். மேலே போனால் ஏரிப் பக்கமும் ஒண்டிக்கடை பக்கமும் பகலில் பஜ்ஜியும் பிரெட் ஆம்லெட்டும் களைகட்டும், ஆனால் மலை ஊர், குளிர் இறங்கினால் கடை அடைத்துவிடுவார்கள்.

போயே ஆக வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். மலையில் தங்குகிற இடத்துக்கு மத்தியானமே போன் செய்து, "நாங்க வர்றதுக்கு லேட்டாகும்ங்க, ரவா உப்புமாவோ கிச்சடியோ செஞ்சு மூடி வைச்சிருங்க, வந்ததும் சூடு பண்ணிக் கொடுத்தா போதும்" என்று சொல்லிவிடுங்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் போகும் முன் ஊருக்குள்ளேயே ஆளுக்கு ஒரு இட்லி மட்டும் சாப்பிடுங்கள், காலி வயிற்றோடு ஏறினாலும் குமட்டும், நிறைந்த வயிற்றோடு ஏறினாலும் குமட்டும். ஃபிளாஸ்கில் வெந்நீர் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீறி கையில் வைத்து முகர்ந்துகொண்டே போவது எங்கள் வீட்டுப் பழக்கம், என் மகள் அப்படித்தான் இருபது வளைவையும் எண்ணிக்கொண்டே ஏறுவாள்.

நடு ராத்திரி இரண்டரை மணிப் பசி

இதை யாரும் சொல்வதில்லை. மேற்கே இருந்து வருகிறவர்கள் பத்து மணிக்கு அடித்துப் போட்டது போலத் தூங்கி, இரண்டரைக்கு விழித்துக்கொள்வார்கள், டொரண்டோவில் அப்போது சாயங்காலம் ஐந்து. பசி என்றால் அப்படி ஒரு பசி. அதற்கும் சேர்த்துத்தான் ராத்திரியே வாங்கி வைக்க வேண்டும். பெட்டிக்கடையில் பூவன் பழமோ கற்பூரவள்ளியோ ஆளுக்கு இரண்டு, ஒரு பாக்கெட் மாரி பிஸ்கெட், கொஞ்சம் கடலை மிட்டாய். மருந்துக்கடையில் ஒரு ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம், அதன் மேல் போட்டிருக்கிற அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்துக் குடிக்க வேண்டும், டப்பாவில் வருகிற இனிப்புப் பானம் அதற்கு ஈடில்லை. பழத்தைச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, விளக்கைப் போடாமல் மறுபடி படுத்துவிடுங்கள். தூக்கம் வரவே இல்லை என்றால் நாலு மணிக்கு மேல் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போங்கள். டீக்கடையில் பால் காய்ந்துகொண்டிருக்கும், பூ மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும், ஒரு கிளாஸ் சூடான பால், அதில் மிளகுத்தூளும் மஞ்சளும் போட்டுத் தரச் சொல்லலாம்.

காலை இட்லியும், மத்தியானம் இலைச் சாப்பாடும் ஒழுங்காக இறங்கினால், சாயங்காலம் ஆறு மணிக்குத் தட்டுவடை செட்டு சாப்பிடப் போகலாம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்து, பச்சைச் சட்னியும் பூண்டுக் காரச் சட்னியும் தடவிக் கொடுக்கிற அதை முதல் ராத்திரி சாப்பிட வேண்டாம் என்று உங்களைத் தடுத்ததற்கு எனக்கே வருத்தம்தான். பச்சைக் காய்கறி என்பதால் சாயங்காலம் கடை போட்ட உடனே, அப்போதுதான் துருவி வைத்திருக்கும்போது போய்விடுங்கள். காரம் கம்மியாகப் போடச் சொல்லி முதலில் ஒரே ஒரு செட்டு வாங்குங்கள். ஒத்துக்கொண்டால் அடுத்த நாள் தட்டுவடையை நொறுக்கிக் கலந்து தருகிற நொறுக்கல், அதற்கடுத்த நாள் முட்டை போட்டது.